முட்டையைத் துளைப்பது நொதியமா, வாலா?

கருக்கட்டல் என்றதும் நினைவுக்கு வருகிற படம் ஒன்றுதான். பெரிய வட்டமாக ஒரு முட்டை, அதைச் சுற்றி நாலைந்து விந்துக்கள், அதில் ஒன்றின் தலையிலிருந்து புள்ளி புள்ளியாக ஏதோ கசிகிறது. படத்துக்குக் கீழே ஒரு வரி: “அக்ரோசோமின் நொதியங்கள் முட்டையின் சுவரைக் கரைத்து வழி ஏற்படுத்துகின்றன.” (அக்ரோசோம் என்பது விந்துத் தலையின் முன்பக்கத்தில் இருக்கும் பை.) திருகோணமலையில் நான் பார்த்த ரியூஷன் வகுப்புகளில் இந்தப் பாடம் வந்தால் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். “இதை வீட்டில வாசியுங்கோ” என்று சொல்லிவிட்டுச் சிறுநீரகத்துக்குப் போய்விடுவது வழக்கம். பின்வாங்கில் இரண்டு பேர் சிரிப்பார்கள், முன்வாங்கில் எல்லாரும் குனிந்துகொள்வார்கள். மிச்சம் அந்த ஒற்றை வரிதான். அதை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போவார்கள்.

அந்த வரியை முழுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது அரைவேக்காடு. விந்து கொண்டுபோகும் நொதியங்கள் ஒரே இடத்தில் ஒரே வேலை செய்பவை அல்ல. முட்டைக்கு வெளியே ஒன்று, சுவரில் ஒன்று, முட்டைக்கு உள்ளே ஒன்று என்று அவற்றின் வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. படத்தில் புள்ளி புள்ளியாகக் கசிகிற நொதியம் இல்லாமலேயே சில விலங்குகள் குட்டி போட்டிருக்கின்றன. எந்தப் படத்திலும் வராத ஒரு நொதியமோ, கருக்கட்டலின் கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் தொடக்கிவைக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உயர்தர உயிரியல் படிக்காதவர்களும் பின்தொடரலாம்.

நொதியம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். உடலில் நடக்கும் ஓர் இரசாயன மாற்றத்தை வேகப்படுத்துகிற புரதம் அது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாப்பொருளை வெட்டும், இறைச்சியைத் தொடாது. சதையியிலிருந்து வரும் திரிப்சின் புரதத்தை வெட்டும், அதுவும் கண்ட இடத்தில் அல்ல, லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பக்கத்தில் மட்டும். நொதியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “இது எதை வெட்டுகிறது?” என்று கேட்கும் பழக்கம் வேண்டும். விந்தின் கதையில் மூன்று நொதியங்கள் வருகின்றன. ஒன்று சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிறது, ஒன்று புரதத்தை வெட்டுகிறது, மற்றது கொழுப்பை வெட்டுகிறது.

இனி முட்டை. மனித முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். நல்ல கண்பார்வை உள்ளவருக்கு ஒரு சிறு புள்ளியாகத் தெரியலாம். விந்தின் தலை நீளம் 5 மைக்ரோமீற்றர் அளவு. அதாவது இருபது தலைகளை வரிசையாக அடுக்கினால்தான் முட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தை எட்டும். அந்த முட்டையும் வெறுமனே கிடப்பதில்லை. வெளியே கியூமுலஸ் எனப்படும் கலக் கூட்டம். அதற்கு உள்ளே சோனா பெலுசிடா என்ற புரதச் சுவர், மனிதரில் 15 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்பு. சோனாவையும் தாண்டினால்தான் முட்டையின் சொந்த மென்சவ்வு. பிரெட்ரிக் கோட்டைக்குள் கூட்டமாகத் திரியும் புள்ளிமானுக்கும், துறைமுகத்துக்கு வெளியே ஆழ்கடலில் மூச்சுவிட மேலே வரும் திமிங்கிலத்துக்கும், நமக்கும் அடிப்படை ஒழுங்கு இதுதான். முலையூட்டிகளுக்குள் தடிப்பும் புரத வகைகளும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சுண்டெலியின் சோனாவில் மூன்று வகைப் புரதங்கள், மனிதரில் நான்கு.

போய்ச் சேர்வதற்கே பெரும்பாடு. கோடிக்கணக்கில் புறப்படும் விந்துக்களில் பலோப்பியன் குழாய்வரை போய்ச் சேர்வது சில நூறுதான். போய்ச் சேர்ந்தவையும் உடனே வேலைக்கு ஆகாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகே விந்துக்குக் கருக்கட்டும் தகுதி வருகிறது என்பதை 1951இல் அமெரிக்காவில் எம்.சி. சாங், அவுஸ்திரேலியாவில் கொலின் ஒஸ்ரின் ஆகிய இருவரும் தனித்தனியாகக் கண்டார்கள். கபாசிட்டேஷன் என்று அதற்குப் பெயர். இந்த நேரத்தில் விந்தின் மென்சவ்விலிருந்து கொலஸ்திரோல் கழன்றுபோகிறது, உள்ளே கல்சியம் கூடுகிறது, வால் அடிக்கும் விதமே மாறுகிறது. அதுவரை சீராக ஆடிக்கொண்டிருந்த வால் சாட்டையைச் சுழற்றுவது மாதிரி அடிக்கத் தொடங்கும். இந்த வாலை மறந்துவிட வேண்டாம், பின்னால் வரும்.

முதல் நொதியம்: சர்க்கரையை வெட்டுவது

கியூமுலஸை மனதில் வைத்துக்கொள்ளச் சவ்வரிசிக் கஞ்சியை நினைத்தால் போதும். சவ்வரிசி மணிகள்தான் கலங்கள். மணிகளை ஒன்றோடொன்று ஒட்டாமலும் பிரிந்து போகாமலும் பிடித்துவைத்திருக்கிற அந்த வழுவழுப்புத்தான் ஹையலுரோனன். அது மிக நீளமான ஒரு சர்க்கரைச் சங்கிலி. இன்று பார்மசிகளில் முகத்துக்குப் பூச விற்கிறார்களே, ஹையலுரோனிக் அசிட் சீரம், அதே பொருள்தான். நம் மூட்டுகளிலும் கண்ணிலும் தோலிலும் நிறைய இருக்கிறது. சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுவதற்குக் கொஞ்சம் முன்னர், அதைச் சுற்றியுள்ள கலங்கள் இதை ஏராளமாகச் சுரந்து ஊதிப் பெருக்கின்றன.

இதை வெட்டுகிற நொதியம் ஹையலுரோனிடேஸ். விந்தில் இருக்கும் வகைக்கு பிஎச்-20 என்று பெயர். பலரும் சறுக்குகிற இடம் இது. அக்ரோசோம் வெடித்த பிறகுதான் ஹையலுரோனிடேஸ் வெளியே வந்து கியூமுலஸைக் கரைக்கிறது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பிஎச்-20 விந்துத் தலையின் வெளி மென்சவ்விலேயே, ஒரு கொழுப்பு நங்கூரத்தால் கட்டப்பட்டபடி இருக்கிறது. அக்ரோசோம் மூடியிருக்கும்போதே அது வேலை செய்யும். விந்து நீந்திப் போகப் போக, தலைக்கு நேர் முன்னால் இருக்கிற சங்கிலிகள் மட்டும் அறுபடும். ஒட்டுமொத்தக் கூட்டமும் கலையத் தேவையில்லை.

“ஆய்வுகூடத் தட்டில் கியூமுலஸ் முழுவதும் கலைந்து போகிறதே?” என்று கேட்கலாம். போகும்தான். தட்டில் ஒரு முட்டைக்குப் பல்லாயிரம் விந்துக்களை விடுகிறார்கள், அத்தனை நொதியமும் சேர்ந்து கலைத்துவிடும். பலோப்பியன் குழாயில் ஒரு நேரத்தில் முட்டைக்குப் பக்கத்தில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில விந்துக்கள் மட்டுமே. “ஆயிரம் விந்துகள் சேர்ந்து உயிர்விட்டு, ஒன்றுக்கு வழிவிடுகின்றன” என்ற உருக்கமான கதை இந்தத் தட்டிலிருந்து பிறந்தது என்றே நான் நினைக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. குழாய்க்குள் அப்படி ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை.

இந்த நொதியத்துக்கு விந்துக்கு வெளியேயும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1920களின் இறுதியில் டுரான்-ரெய்னல்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஆணின் விதையிலிருந்து, அதாவது விந்து உருவாகும் உறுப்பிலிருந்து, எடுத்த சாற்றைச் சேர்த்து வைரசை முயலின் தோலில் ஏற்றினால், தொற்று வழக்கத்தைவிடப் பெரிதாகப் பரவியது. சாற்றில் ஏதோ “பரப்பும் காரணி” இருக்கிறது என்றார். அது ஹையலுரோனிடேஸ்தான் என்பதை 1940 அளவில் சேன், டுதி இருவரும் காட்டினார்கள். இந்தச் சேன்தான் பிறகு பெனிசிலினுக்காக நோபல் பரிசு பெற்ற ஏர்ன்ஸ்ட் சேன். பாம்பு விஷத்திலும் இதே வகை நொதியம் உண்டு. தம்பலகாமம் வயலில் கால் வைத்தவரை விரியன் கடித்தால், விஷத்தின் நச்சுப் புரதங்கள் திசுக்களுக்குள் ஓட வழிவிடுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. அதே குணத்தை மருத்துவமும் எடுத்துக்கொண்டது. கண் சத்திரசிகிச்சையில் கண்ணை மரக்கச் செய்யும் விறைப்பு மருந்து நன்றாகப் பரவுவதற்கு ஹையலுரோனிடேஸ் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது மனித பிஎச்-20ஐ ஆய்வுகூடத்தில் தயாரித்து, சில புற்றுநோய் மருந்துகளோடு கலந்து தோலுக்கடியில் ஏற்றுகிறார்கள். மணிக்கணக்கில் நாளத்தில் ஏற்ற வேண்டியிருந்த மருந்து சில நிமிட ஊசியாகச் சுருங்கிவிட்டது. விந்துக்கு வழி வெட்டிய புரதம் இப்போது மருந்துக்கு வழி வெட்டுகிறது.

சரி, பிஎச்-20 இல்லாவிட்டால்? சுண்டெலியில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள், 2002இல். கியூமுலஸ் கலைவது தாமதமானது, ஆனால் குட்டி பிறந்தது. சுண்டெலியில் இதே வேலையைச் செய்ய இன்னொரு ஹையலுரோனிடேஸும் இருந்தது.

சோனா: சர்ச்சை இங்கேதான்

சோனாவைத் தாண்டுவதற்கு முன் அக்ரோசோம் திறக்க வேண்டும். அக்ரோசோம் என்பது விந்துத் தலையின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தட்டையான பை. விந்து உருவாகும்போது கொல்கி உடலிலிருந்து வந்தது. உள்ளே அமிலத்தன்மை. அங்கே இருக்கும் முக்கியமான நொதியம் அக்ரோசின், திரிப்சினின் ஒன்றுவிட்ட சகோதரம். அதே லைசின், ஆர்ஜினின் பக்கத்தில்தான் வெட்டும். ஆனால் பைக்குள் அது புரோஅக்ரோசின் என்ற செயலற்ற வடிவத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் புறப்பட்ட இடத்திலேயே விந்து தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். பை திறந்து, அமிலத்தன்மை குறைந்ததும் புரோஅக்ரோசின் தன் ஒரு பகுதியைத் தானே வெட்டிவிட்டு அக்ரோசினாக மாறுகிறது.

பை எப்போது திறக்கிறது என்பதில் நீண்ட காலம் ஒரே பதில்தான் இருந்தது: சோனாவைத் தொட்டதும். 2011இல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று சுண்டெலி விந்துக்களின் அக்ரோசோமை ஒளிரும் புரதத்தால் அடையாளமிட்டுப் படம் பிடித்தது. கருக்கட்டிய விந்துக்களில் பெரும்பாலானவை சோனாவைத் தொடும் முன்னரே பையைத் திறக்கத் தொடங்கியிருந்தன.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். சோனா ஒரு புரதச் சுவர், அக்ரோசின் புரதத்தை வெட்டும் நொதியம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிவு தானாக வருகிறது: அக்ரோசின்தான் சுவரைத் துளைக்கிறது. பல பத்தாண்டுகள் இதுவே பாடம். 1994இல் ஜப்பானில் பாபாவின் குழு அக்ரோசின் மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. ஆண் எலிகள் மலடாகும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா? ஆகவில்லை. விந்துக்கள் சோனாவைத் தாண்டக் கொஞ்சம் தாமதித்தன, ஆனால் தாண்டின. குட்டிகளும் பிறந்தன. சாதாரண விந்துக்களோடு கலந்து போட்டிக்கு விட்டபோது மட்டும் அக்ரோசின் இல்லாதவை பின்தங்கின.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி நிமிர்ந்து கேட்டாள்: “அப்ப சேர், பாஸ்ட் பேப்பரில என்ன எழுதுறது?” மார்க்கிங் ஸ்கீமில் இருப்பதை எழுது, ஆனால் அதை முழுதாக நம்பிவிடாதே என்றேன். இதைவிட நல்ல பதில் இன்னும் என்னிடம் இல்லை.

அக்ரோசின் மீதான சந்தேகத்துக்கு வேறு காரணமும் இருந்தது. சோனாவைத் தாண்டிய விந்து விட்டுச்செல்லும் தடத்தை நுண்காட்டியில் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். சுவர் கரைந்து அகன்ற ஓட்டை எதுவும் இல்லை. விந்துத் தலையின் தடிப்புக்கு ஏற்ற ஒடுங்கிய, விளிம்பு கூரான ஒரு கீறல்தான் இருந்தது. நொதியம் கண்டபடி கரைத்திருந்தால் விளிம்பு அப்படி இருக்காது. தள்ளிக் கிழித்துப் போனது மாதிரி இருந்தது. அப்படியென்றால் வேலை செய்தது வாலா?

வாலின் பக்கமும் சாட்சி உண்டு. 2001இல் கெட்ஸ்பர் என்ற கல்சிய வாயில் கண்டுபிடிக்கப்பட்டது. விந்தின் வாலில் மட்டுமே இருப்பது அது. அது இல்லாத சுண்டெலி விந்துக்களுக்கு அந்தச் சாட்டையடி வராது. அவை சோனாவைத் தாண்ட முடியாமல் நின்றன. சோனாவை அகற்றிவிட்டுக் கொடுத்தபோது முட்டையோடு இணைந்தன. அதாவது தடை சுவரில்தான், சுவரைத் தாண்டக் கொடுக்கும் உந்துவிசை வாலிலிருந்துதான். வாலின் கட்சி ஜெயித்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

பிறகு 2020. ஜப்பானில் இன்னொரு குழு அதே அக்ரோசின் மரபணுவை ஹாம்ஸ்டர் என்ற கொறிக்கும் சிறு விலங்கில் நீக்கியது. இந்தமுறை ஆண்கள் முழு மலடு. விந்துக்கள் முட்டைவரை போயின, சோனாவில் ஒட்டின, அங்கேயே நின்றன. சோனாவை அகற்றிய முட்டையோடு அவை இணைந்தன. கெட்ஸ்பர் இல்லாத சுண்டெலியில் கண்ட அதே தோல்வி, அதே சுவரில், இப்போது நொதியம் இல்லாததால்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் கணிப்பு இதுதான்: வால் தள்ளுகிறது, நொதியம் தலைக்கு முன்னால் சுவரை இளக்குகிறது. இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது விலங்குக்கு விலங்கு மாறும். சுண்டெலியில் அக்ரோசின் இல்லாத குறையை வேறு புரதவெட்டி நொதியங்கள் ஈடுகட்டுகின்றன. ஹாம்ஸ்டருக்கு அந்த வசதி இல்லை. சுண்டெலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்தி, “அக்ரோசின் தேவையே இல்லை” என்று சொல்லிவந்தவர்களுக்கு ஹாம்ஸ்டர் கொடுத்த பதில் அது. ஆய்வுகூடங்களில் சுண்டெலிதான் மலிவு, அதனால் அதுவே முலையூட்டிகளின் பிரதிநிதி ஆகிவிட்டது. இந்தப் பழக்கம் எனக்கு எப்போதுமே உறுத்தல்.

நொதியமே இல்லாமல் சுவரைத் திறக்கிற வழியும் உயிரினங்களில் உண்டு. அபலோன் என்ற கடல் நத்தையின் விந்து லைசின் என்றொரு புரதத்தை வெளியிடுகிறது. (அமினோ அமிலமான லைசின் வேறு, இது வேறு.) அது எதையும் வெட்டுவதில்லை. முட்டை உறையின் நார்களோடு போய் ஒட்டி, அவற்றின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அது கடலில் நடக்கும் வெளிக் கருக்கட்டல், முலையூட்டிகளின் கதையில் நேரடியாகச் சேராது. சுவரைத் திறக்க வெட்டித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சோனாவுக்குள் நுழைந்த பிறகு விந்தும் முட்டையும் மென்சவ்வோடு மென்சவ்வாக இணைகின்றன. இதில் நொதியத்துக்கு வேலை இல்லை. விந்தின் பக்கத்தில் இசுமோ என்ற புரதம், 2005இல் கண்டது, ஜப்பானில் திருமணத்துக்குப் பெயர்போன ஒரு கோயிலின் பெயர். முட்டையின் பக்கத்தில் ஜூனோ, 2014இல் கண்டது, உரோமர்களின் திருமணத் தெய்வத்தின் பெயர். இரண்டும் பிடித்துக்கொள்கின்றன, பிறகு சவ்வுகள் ஒன்றாகின்றன. இதில் இன்னும் பல புரதங்கள் பங்குபெறுகின்றன. நமக்கு இவ்வளவு போதும்.

உள்ளே போன பிறகு

பாடப் படங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். விந்து உள்ளே போய்விட்டது, இரண்டின் கலக்கருக்களும் சேரும், நுகம் என்ற முதற் கலம் உண்டாகும், சுபம். உண்மையில் முட்டை அந்த நேரம் தூங்குகிறது. நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவின் இரண்டாம் கட்டத்தில், பாதி வழியில் நின்றுபோய்க் கிடக்கிறது. யாராவது எழுப்பாவிட்டால் அப்படியே அழிந்துபோகும்.

எழுப்புவது விந்து கொண்டுவரும் மூன்றாவது நொதியம், பொஸ்போலிப்பேஸ் சி-சீற்றா. இதை 2002இல் பிரித்தானியாவின் கார்டிஃபில் இருந்த குழு ஒன்று அடையாளம் கண்டது. இது அக்ரோசோமில் இருந்து வெளியே கொட்டுகிற சரக்கு அல்ல. விந்துத் தலைக்குள் இருந்து, மென்சவ்வுகள் இணைந்ததும் முட்டையின் குழியவுருவில் கரைந்து பரவுகிறது. முட்டைக்குள் இருக்கிற பிப்-2 என்ற கொழுப்பு மூலக்கூறை வெட்டுகிறது. அதிலிருந்து பிரியும் ஐபி-3 என்ற சிறு துண்டு, அகமுதலுருச் சிறுவலை என்ற சேமிப்பறையில் சேர்த்து வைத்திருக்கும் கல்சியத்தைத் திறந்துவிடுகிறது. கல்சியம் எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். இந்த அலைகள் சில மணி நேரம் தொடரும். முட்டை ஒடுக்கற்பிரிவை முடித்து, வேண்டாத நிறமூர்த்தங்களை இரண்டாம் முனைவுடல் என்ற சிறு கலமாக வெளியே தள்ளி, முளையமாகப் புறப்படுவது இந்த அலைகளால்தான்.

இந்த நொதியம் இல்லாத சுண்டெலிகளைப் பின்னாளில் உருவாக்கிப் பார்த்தார்கள். கல்சிய அலைகள் ஒழுங்காக எழவில்லை, ஒரே முட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட விந்துக்கள் நுழைவது கூடியது, குட்டிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முற்றாக நிற்கவில்லை. உயிரியலில் “இது இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது” என்று அடித்துச் சொல்வது இங்கேயும் கடினம்.

பல விந்துக்கள் நுழைவது ஏன் கூடியது? அதே கல்சியம்தான் முட்டையின் ஓரத்தில் காத்திருக்கும் சிறு மணிகளை வெடிக்கவைக்கிறது. அவற்றிலிருந்து ஒவஸ்டசின் என்ற நொதியம் வெளியே வருகிறது. அது முட்டையின் சொந்த நொதியம். சோனாவின் புரதங்களில் ஒன்றை அது வெட்டிவிடுகிறது, அதோடு புதிய விந்துக்கள் ஒட்ட இடமில்லாமல் போகிறது. விந்து நொதியத்தால் வழி திறந்துகொண்டு வந்த அதே சுவரை, முட்டை தன் நொதியத்தால் அடைத்துவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விந்து நுழைந்தால் நிறமூர்த்த எண்ணிக்கை குழம்பி முளையம் நிலைக்காது, அதனால் அந்த அவசரம்.

இதெல்லாம் எங்கே உதவுகிறது

குழந்தை தங்கவில்லை என்று போகும் தம்பதிகளுக்கு முதலில் எடுக்கும் விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகிய மூன்றையும்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். நொதியங்கள் அந்தத் தாளில் வராது. அறிக்கை “நோர்மல்” என்று வந்ததும் “ஆணில் குறையில்லை” என்று முடிவுகட்டி, மருமகளைக் கோயில் கோயிலாக அலையவிடுகிற குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. எண்ணிக்கை நன்றாக இருந்தும் சோனாவில் நின்றுபோகிற விந்தும் உண்டு, உள்ளே போயும் முட்டையை எழுப்பாத விந்தும் உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1992இல் பெல்ஜியத்தில் இக்ஸி என்ற முறை வெற்றிகண்டது. ஒற்றை விந்தை மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் நேராக விடுவது. அதற்கு முன் முட்டையைச் சுற்றியுள்ள கியூமுலஸை அகற்ற வேண்டும். எப்படி? முட்டையை ஹையலுரோனிடேஸ் கரைசலில் அரை நிமிடம் அளவில் போடுகிறார்கள், அதிகம் விட்டால் முட்டைக்கே கேடு. பிறகு முட்டையைவிட மயிரிழை அகலமான குழாயில் உறிஞ்சி, விட்டு, மறுபடி உறிஞ்சி, ஒட்டியிருக்கும் மிச்சக் கலங்களை உரித்தெடுக்கிறார்கள். பிஎச்-20 செய்ய வேண்டியதைப் போத்தலிலிருந்து வந்த நொதியம் செய்துவிடுகிறது. அக்ரோசின் செய்ய வேண்டியதை ஊசி செய்துவிடுகிறது. ஆனால் மூன்றாவதுக்கு ஊசி மாற்றாகாது. விந்தை உள்ளே விட்ட பிறகும் கல்சிய அலை எழாவிட்டால் முட்டை எழும்பாது. அக்ரோசோமே உருவாகாமல் தலை உருண்டையாக இருக்கும் குளோபோசூஸ்பேர்மியா என்ற அரிய நிலையில் இது அடிக்கடி நடக்கிறது, அந்த விந்துக்களில் பொஸ்போலிப்பேஸும் குறைவு அல்லது இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கல்சியத்தைச் செயற்கையாக ஏற்றும் இரசாயனத்தில் முட்டையைச் சிறிது நேரம் வைத்து எழுப்பும் முறை இருக்கிறது.

மனிதருக்கு வெளியே, இதை நம் பக்கத்தில் நேரில் பார்க்கக்கூடிய இடம் மாட்டுப்பட்டி. கந்தளாய், மூதூர் பக்கம் பசு வளர்ப்பவர்களுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தல் பழக்கமான விசயம். திரவ நைதரசன் கொள்கலத்தைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும், உள்ளே மறை 196 பாகை செல்சியஸ். அதிலிருந்து ஈர்க்களவு மெல்லிய ஸ்ட்ரோ ஒன்றைக் குறட்டால் எடுத்து, 37 பாகை அளவு இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் போடுவார்கள். நீர் ஆறியிருந்தாலும் பிழை, கொதித்தாலும் பிழை. உறைந்து உருகும்போது முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்று அக்ரோசோமின் சவ்வு. சவ்வு கிழிந்தால் அக்ரோசின் முட்டையைக் காணும் முன்னரே வெளியே போய்விடும். அந்த விந்து நன்றாக நீந்தும், நுண்காட்டியில் பார்த்தால் குறை தெரியாது, சோனாவில்தான் தோற்கும். அதனால்தான் விந்து வங்கிகளில் அசைவை மட்டும் பார்க்காமல், சாயமிட்டு அக்ரோசோம் முழுதாக இருக்கும் விந்துகளின் வீதத்தையும் எண்ணுகிறார்கள்.

உறைந்து உருகிய விந்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர் அதன் மென்சவ்வை ஏற்கெனவே பாதி கபாசிட்டேஷன் ஆனது போன்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தயாராக மணிக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் ஆயுளும் குறைவு. காலையில் பசு வேட்கை காட்டினால் மாலையில் வாருங்கள், மாலையில் காட்டினால் மறுநாள் காலை என்று கால்நடை உத்தியோகத்தர் சொல்வதன் கணக்கு இதுதான். முட்டை வெளியேறுவது வேட்கை தொடங்கி ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகு. முந்திப் போட்டால் முட்டை வருவதற்குள் விந்துகள் தீர்ந்துபோகும், பிந்திப் போட்டால் முட்டை கெட்டுப்போகும்.